ஏரிக்குரிய பருவங்கள்

2010ஆம் ஆண்டின் கத்திரி வெயில். பழவேற்காட்டு மக்தபில் பிள்ளைகளுக்கு அரபு மாதப் பெயர்களை விளக்கிக்கொண்டிருந்தோம். 'ஜுமாதா' என்பது உறைதலைக் குறிக்கும் சொல்லடியிற் பிறந்தது என்று நாம் சொன்னதும் ஒரு சிறுவன் சிரித்துவிட்டான். பிறைக் கணக்கில் அப்போது நடந்ததும் ஜுமாதா மாதமே. நம் ஜிப்பாவோ வியர்வையில் தோய்ந்திருந்தது.

பிறையாண்டு கதிராண்டினும் பத்துப் பதினொரு நாள் குறைந்தது. ஆதலின் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும் என்றோம். தென்கோளத்து ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடை என்றும், அதே டிசம்பரில் அந்நாட்டின் வடகரை டார்வினில் மழைக்காலம் என்றும் சேர்த்துச் சொன்னோம். கேளாததையும் சொல்வது ஆசிரியத் தொழிலின் நோய்.

"ஹஜ்ரத், நம்ம ஏரிக்கு எத்தனை காலம்?" என்றான் அவன்.

நமக்கு விடை வரவில்லை. 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லே போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு 'மான்சூன்' ஆயிற்று என்பதை அறிந்திருந்தோம். அந்த மழை நம் ஊர் நீரை என்ன செய்கிறது என்பதை அறிந்திலோம்.

மாலையில் அவன் பாட்டனாரிடம் சென்றோம். மீனவரிடம் இறால் வாங்கி விற்று முதிர்ந்தவர். "ரெண்டே காலந்தான் ஹஜ்ரத். வாய் திறந்த காலம், வாய் அடைச்ச காலம்" என்றார்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை இறங்கும். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து ஏரியை நிரப்ப, முகத்துவாரத்து மணல் அறுபடும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உட்புகுந்து ஏரியிலே வளரும். கோடையில் ஆற்று நீர் நின்றுவிட, அலை கொணரும் மணல் வாயை மேடாக்கும். உள்நீர் வற்றிக் கடலினும் உப்பேறுவதுமுண்டு. கதவடைத்தபின் குஞ்சு எவ்வழி வரும்? தொழுகை வேளைக்குப் பள்ளிவாசற் சூரியக் கடிகாரத்தையும் மாதத்திற்குப் பிறையையும் பார்க்கும் நாம், அடுப்பெரிவதற்கு அம்மணல் மேட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு அவருக்கு வரும்படியில்லை. மருமகள் ஓலைப்பெட்டி முடைந்து குடும்பம் நடந்தது. பேரனைச் சென்னையில் ஒரு கடையில் விட எண்ணியிருப்பதாகத் தலைகுனிந்து சொன்னார். ஓதல் பாதியில் நிற்குமே என்றோம். "மழை விழட்டும் ஹஜ்ரத், கூட்டியாந்துடறேன்" என்றார்.

ஐப்பசி வந்தது; ஆற்றில் நீரும் வந்தது. பையன் வரவில்லை. அவன் ஓதிய அம்ம ஜுஸ்உ, பாதியில் செருகிய ஓலைக் கீற்றோடு, நம் அலமாரியில் இருக்கிறது.