கமத்துக்குத் திரும்பியவர்

பிரித்தானிய முடியரசின் அதியுயர் வீரப் பதக்கமான விக்ரோறியாச் சிலுவையை இருமுறை பெற்றவர்கள் இதுவரை மூவரே. அவர்களுள் இருவர் இராணுவ மருத்துவர்கள். களத்தில் ஆயுதமேந்திப் போரிட்டு அதனை இருமுறை பெற்றவர் ஒருவர்தான். நாம் அடைக்கலம் புகுந்து வாழும் இந்த நியூசிலாந்தின் கன்ரபரிப் பகுதியைச் சேர்ந்த சாள்ஸ் அப்ஹாம் என்பவரே அவர். இந்நாட்டவர் அவரது பெயரை ஏறக்குறைய எமது அப்பத்தைப் போலவே உச்சரிப்பர். அன்சக் தினத்தன்று பாடசாலையில் அப்பெயரைக் கேட்டுவிட்டு எம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சிரிப்பதுண்டு.

வாசகர்களே, வீரத்தைப் பற்றி எம்மவர்க்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் முடிந்தபின் அந்த மனிதர் வாழ்ந்த 49 ஆண்டுகளே எமது கவனத்தை ஈர்த்தன. போருக்குப் போனவர் வீடு திரும்பினால் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு எமது மண்ணில் எத்தனை பேருக்குக் கிட்டியது?

1908 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21 ஆம் திகதி கிறைஸ்ற்சேர்ச் நகரில் ஒரு சட்டத்தரணியின் மகனாகப் பிறந்தவர் அப்ஹாம். நல்ல கல்லூரியில் படித்தார். தந்தையின் தொழிலைத் தொடர்ந்திருக்கலாம். அவரோ லிங்கனில் உள்ள விவசாயக் கல்லூரிக்குச் சென்று பட்டயம் பெற்று, பின்னர் மலைநாட்டுப் பண்ணைகளில் செம்மறி மேய்க்கப் போனார். எமது ஊராயின், அப்புக்காத்தின் மகன் ஆடு மேய்க்கின்றான் என்று சங்கக்கடை வாசலில் நின்று ஒரு மாதம் பேசியிருப்பர்! உயர்ந்த மலைச்சரிவுகளில் சிதறி மேயும் மந்தைகளைக் குதிரையிலும் நடந்தும் நாய்களோடு சென்று திரட்டிக் கீழே கொண்டுவருவது அங்கே பெருந்தொழில். நிலத்தின் மேடு பள்ளங்களைக் கண்ணால் அளந்து கால்வைக்கும் பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்திருக்க வேண்டும் என்பது எமது எண்ணம். 1937 இல் அரசாங்கத்தில் கமநில மதிப்பீட்டாளராகச் சேர்ந்தார். 1939 இல் போர் மூண்டதும் படையிற் சேர்ந்தார்.

1941 மே மாதம், கிறீற் தீவு. ஜேர்மானியர் வானிலிருந்து குதித்து இறங்கிக்கொண்டிருந்தனர். அப்ஹாமுக்கோ கடுமையான வயிற்றுளைவு. தோளிலும் காலிலும் காயம். தோளிற் பாய்ந்த உலோகத் துண்டைச் சகபடையினர் ஒருவர் பேனாக்கத்தியால் வெட்டி எடுத்தாராம். அந்நிலையிலும் மருத்துவமனைக்குப் போக மறுத்துத் தமது சிறு அணியை ஒன்பது நாள்கள் வழிநடத்தினார். அதற்கே முதலாவது சிலுவை. 1942 யூலையில் எகிப்தின் றுவெய்சாற் மேட்டில் நடந்த சமருக்காக இரண்டாவது வழங்கப்பட்டது. அச்சமரில் முழங்கை நொறுங்கிச் சிறைப்பட்டார். கையை வெட்டிவிடவேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் கூறியபோது அதற்கும் உடன்படவில்லை. கமக்காரனுக்குக் கை போனால் மீதி என்ன?

சிறையிலும் அவர் அடங்கியிருக்கவில்லை. ஓடும் வாகனத்திலிருந்து குதித்துக் கணுக்கால் முறிந்தார். ஒருமுறை பட்டப்பகலில் முள்வேலியைத் தாண்ட முயன்று இரு வேலிகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டார். காவலாளி துப்பாக்கியை நீட்டி நிற்க, இவர் சிகரெற் ஒன்றைப் பற்றவைத்தார் என்று சொல்வார்கள். ஈற்றில், 1944 இல், தப்பியோடும் கைதிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த கோல்டிற்ஸ் கோட்டையில் அடைத்தனர். 1945 ஏப்பிரலில் விடுதலை. மே 11 ஆம் திகதி ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தம் கையால் முதலாவது சிலுவையை அணிவித்தார். இரண்டாவதற்குப் பரிந்துரை வந்தபோது, அவர் உண்மையிலேயே தகுதியுடையவர்தாமா என்று மன்னர் அவரது தளபதி கிப்பன்பேகரிடம் வினவ, அவர் பலமுறை பெறத் தகுதியானவர் என்று தளபதி விடையிறுத்தார். அதே ஆண்டு யூன் 20 ஆம் திகதி, போருக்கு முன்பே தாம் அறிந்திருந்த தாதியான மொலி மக்ரம்னியை இங்கிலாந்தில் மணந்துகொண்டார். கோல்டிற்ஸிலிருந்து கலியாண வீட்டுக்கு இரண்டே மாதங்கள்.

இனி, எம்மை எழுதத் தூண்டிய இடத்துக்கு வருவோம்.

ஊர் திரும்பியவருக்கு ஒரு கமம் வாங்கிக் கொடுக்க வேண்டுமெனக் கன்ரபரி மக்கள் 10,000 பவுண் திரட்டினர். அன்று அது பெருந்தொகை. அப்ஹாம் அதனை ஏற்கவில்லை. தமது கடமையைத்தான் செய்ததாகவும் தனிப்பட்ட வெகுமதி தமக்கு வேண்டாமெனவும் மறுத்தார். படையினரின் பிள்ளைகள் உயர்கல்வி கற்பதற்கான புலமைப்பரிசில் நிதியாக அப்பணம் மாற்றப்பட்டது. அவரோ, போரிலிருந்து திரும்பிய ஏனையோரைப் போலவே புனர்வாழ்வுக் கடன் பெற்று, வடகன்ரபரியின் ஹண்டலி மலைகளையடுத்த கொன்வே சமவெளியில் நிலம் வாங்கினார்.

இதனைப் படித்தபோது எமது தகப்பனாரின் நினைவு வந்தது. அவர் எந்தப் படையிலும் இருந்தவரல்லர். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்த கமக்காரர். 1990 யூனில் எல்லோரையும் போல நாமும் ஒரு துணிப்பையோடு வெளியேறினோம். அவர் தகரப் பெட்டியில் காணி உறுதியை மட்டும் எடுத்து வந்தார். நிவாரண அட்டை கிடைத்ததும் அதனை அம்மாவின் கையிற் கொடுத்தார். தாம் ஒருநாளேனும் அந்த வரிசையில் நின்றதில்லை. வடமராட்சியில் நாலு பரப்புத் தறையைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டார். மண் வேறு, கிணற்று நீரும் உவர். முதற்போகத்தில் நட்டமே வந்தது. மறுபோகமும் நட்டார். தம்முடைய செம்மண்ணை மீண்டும் காணாமலேயே கண்மூடினார்.

அவரைப் பற்றி அப்ஹாமுக்குத் தெரிந்திருந்தால் விளங்கிக்கொண்டிருப்பார் என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். கொடுப்பதை வேண்டாமென்று மறுக்கக்கூடியவர், கடனாவது கிடைக்கும் நாட்டில் வாழ்பவர். அம்மா அந்த வரிசையில் நின்றபடியால்தான் நாமும் தம்பி தங்கையரும் உண்டோம். அவரது பொறுமையை எவரும் புலமைப்பரிசிலாக்கவில்லை.

கொன்வே சமவெளியில் அப்ஹாம் குடும்பம் ஏறத்தாழ அரைநூற்றாண்டு வாழ்ந்தது. மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தனர். சிதைந்த கையோடு அவர் செம்மறிகளை வளர்த்தார், வேலி அடைத்தார், கடனை இறுத்தார். தாம் படித்த கல்லூரியின் ஆளுநர் சபையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். பத்திரிகையாளர் வருவதை அவர் விரும்பியதில்லை. பதக்கங்கள் தம் ஆட்களுடையவை என்ற எண்ணம் அவரைவிட்டு நீங்கவே இல்லை. ஜேர்மனியில் செய்த இயந்திரமோ காரோ தமது காணிக்குள் வர அவர் அனுமதித்ததில்லை என்றும் கூறப்படுகிறது. இதனைப் பெருந்தன்மை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், குண்டுவீச்சு விமானத்தின் ஒலியை அறிந்தவர்களுக்கு அதனை விளங்கிக்கொள்ளச் சிரமமில்லை.

அந்த நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைகோராக் கொள்வனவு என்ற பெயரில் 1859 இல் அப்பிரதேசம் முழுவதையும் அரசு வெறும் 300 பவுணுக்கு ஙாய் தாஹு மயோரி மக்களிடமிருந்து வாங்கியது. தமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்காக அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக முறையிட்டு, 1998 இல்தான் முடியரசின் மன்னிப்பையும் இழப்பீட்டையும் பெற்றனர். அப்ஹாம் நேர்மையாக விலை கொடுத்தே வாங்கினார். எனினும் காணி இழந்தவர்களாகிய நாம், ஒரு வயலைக் காணும்போது அதற்கு முந்திய உறுதி யாருடைய பெட்டியில் இருக்கிறது என்று கேளாமல் இருக்க முடிவதில்லை.

1994 சனவரியில் உடல்நலம் குன்றிக் கமத்தைவிட்டுக் கணவனும் மனைவியும் நகருக்கு வந்தனர். அதே ஆண்டு நவம்பர் 22 ஆம் திகதி, 86 ஆம் வயதில், அப்ஹாம் காலமானார். இராணுவ மரியாதையுடன் கிறைஸ்ற்சேர்ச் பேராலயத்தில் இறுதிக் கிரியைகள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் தெருவோரங்களில் மௌனமாக நின்றனர். அப்பேராலயம் 2011 நிலநடுக்கத்தில் இடிந்து சிதைந்தது. அவரது உடல் நகரின் பப்பனுயிப் பகுதியில் ஒரு தேவாலய வளவில் உள்ளது.

பதக்கங்களின் கதை அதன் பின்னும் தொடர்ந்தது. 2006 இல் அவற்றை இலண்டனிலுள்ள ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகம் வாங்கியது. ஆனால் அவை நியூசிலாந்திலேயே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 2007 டிசெம்பரில் வையூறு இராணுவ அருங்காட்சியகத்தை உடைத்த திருடர்கள் அவற்றையும் வேறு பல பதக்கங்களையும் கொண்டுசென்றனர். நாடே கொதித்தெழுந்தது. 2008 பெப்ரவரியில் அனைத்தும் மீட்கப்பட்டன. வடக்கே கைகோராவுக்குப் போகும் வாசகர்கள் வழியில் அம்பர்லியில் காரை நிறுத்தினால் அவரது சிலையைக் காணலாம். அங்கிருந்து ஹண்டலிக்கு மேலும் பயணம் செய்யவேண்டும். வழிநெடுகச் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருக்கும்.