‘சீசனே முடிஞ்சுபோச்சு!’ - ஒரு செப்டம்பர் தோல்வியும் கொதித்துப்போன ரசிகர்களும்

டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு உலகத்தின் கோபமெல்லாம் ஸ்க்ரீன் வழியாகத்தான் வந்து சேரும். 2024 செப்டம்பர் 8, ஞாயிறு அதிகாலையில் எனக்கு வந்து சேர்ந்த கோபம், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் சவுத் பெண்ட் என்ற ஊரிலிருந்து கிளம்பியது. அங்கே அப்போது சனிக்கிழமை மாலை.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி, சொந்த மைதானத்தில் தோற்றிருந்தது. ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைக்காதீர்கள். இது முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ‘காலேஜ் டீம்தானே’ என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த மைதானத்தில் 77,622 பேர் உட்காரலாம்!

நோட்டர் டேம் அப்போது தேசியத் தரவரிசையில் 5-ம் இடம். ஒரு வாரம் முன்புதான் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் ஊருக்கே போய் ஜெயித்திருந்தது. எதிரே வந்தது நார்தர்ன் இலினாய். பெரிய பல்கலைக்கழகங்கள் சீசன் தொடக்கத்தில் இப்படிச் சின்ன அணிகளைப் பணம் கொடுத்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். வந்து ஆடுகிற அணிக்குக் காசு, கூப்பிட்ட அணிக்கு சுலபமான வெற்றி. இந்தப் போட்டிக்கு நோட்டர் டேம் கொடுத்த தொகை 14 லட்சம் டாலர்.

ஆட்டம் முடிய 31 விநாடிகள் இருக்கும்போது, 35 யார்டு தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளிகள் எடுத்தது நார்தர்ன் இலினாய். பதிலுக்கு நோட்டர் டேம் 62 யார்டிலிருந்து உதைத்த கடைசி உதையைத் தடுத்தும்விட்டார்கள். 16-14. அந்தக் கல்லூரிக்கே முன்பு ஆடிய பயிற்சியாளர் தாமஸ் ஹேமக், டி.வி கேமரா முன்பு தேம்பித் தேம்பி அழுதார்.

நோட்டர் டேம் ரசிகர்களுக்கு அந்தக் கண்ணீரை ரசிக்கும் மனநிலை இல்லை. ‘14 லட்சம் டாலர் கொடுத்துத் தோல்வியை வாங்கினோம்’ என்று ஒரு கூட்டம். ‘பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமேனை அனுப்புங்கள்’ என்று இன்னொரு கூட்டம். 2022 செப்டம்பரில் இதே மைதானத்தில் மார்ஷல் அணியிடம் 26-21 என்று தோற்றதைத் தோண்டியெடுத்து, ‘இவர் பாடமே கற்கவில்லை’ என்றார்கள் சிலர். எல்லோரும் ஒன்றுசேர்ந்த இடம் ஒன்றுதான்... ‘சீசன் முடிந்தது!’

செப்டம்பர் முதல் வாரத்தில் எப்படி சீசன் முடியும் என்று சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ஆனால், கணக்குப் பார்த்தால் சிரிக்க முடியாது. ஐ.பி.எல்-லில் லீக் சுற்றில் 14 போட்டிகள், ஐந்தில் தோற்றாலும் பிளே ஆஃப் போகலாம். அங்கே 12 போட்டிகள்தான். 2013 சீசன் வரை சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து இரண்டே அணிகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு நான்கு. ஒரு கத்துக்குட்டி அணியிடம் சொந்த மண்ணில் தோற்றால், அந்த வருடமே கையைவிட்டுப் போவதை அப்பா பார்த்திருக்கிறார், தாத்தா பார்த்திருக்கிறார். அந்த பயம் பரம்பரைச் சொத்து மாதிரி பேரனுக்கும் வந்துவிட்டது. 2024-ல்தான் அதை 12 அணிகளாக மாற்றினார்கள். விதி மாறியது மூளைக்குத் தெரியும், வயிற்றைப் பிசைவது நிற்க வேண்டுமே!

அதனால் ரசிகர்களின் கோபத்தை நான் கேலி செய்ய மாட்டேன். என்னை உறுத்தியது வேறு. அன்று பந்தைத் தவறாக எறிந்து இரண்டு முறை எதிரணியிடம் பறிகொடுத்த குவார்ட்டர்பேக் ரைலி லெனார்டுக்கு வயது 21. என் தம்பி வயது. அந்த வயதில் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்ததற்கே என் நண்பன் இரண்டு நாள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. இங்கே ஊரே ஒரு பையனின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வேலையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘ரசிகர்கள் கொந்தளிப்பு’ என்று செய்தி போட பத்துப் பதிவுகள் போதும். அதுவும் கெட்ட வார்த்தைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கும் பதிவு என்றால் க்ளிக் பிய்த்துக்கொள்ளும். மைதானத்திலிருந்து வாயைத் திறக்காமல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களின் ரியாக்‌ஷனை எப்படி எம்பெட் செய்வது?

அடுத்த சனிக்கிழமை நோட்டர் டேம், பர்டூ அணியை 66-7 என்று துவைத்தது. அதன் பிறகு தோற்கவே இல்லை. லெனார்டே குவார்ட்டர்பேக். டிசம்பர் 20 அன்று அதே சவுத் பெண்ட் மைதானத்தில், குளிரில், பிளே ஆஃப் முதல் சுற்றில் இண்டியானாவை வென்றது. ஜார்ஜியா, பென் ஸ்டேட்... தொடர்ந்து 13 வெற்றிகள். 2025 ஜனவரி 20-ல் இறுதிப்போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றபோதுதான் சீசன் நிஜமாகவே முடிந்தது. ‘அனுப்புங்கள்’ என்று சொல்லப்பட்ட ஃப்ரீமேனுக்கு டிசம்பரிலேயே ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள்.

நார்தர்ன் இலினாய் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ஆர்வத்தில் நானே தேடினேன். அந்த வெற்றியால் தரவரிசைக்குள் நுழைந்தவர்கள், இரண்டு வாரம் கழித்து டிகால்ப் நகரில் தங்கள் சொந்த மைதானத்தில் அடுத்த ஆட்டத்தை ஆடினார்கள். எதிரணி, தரவரிசையிலேயே இல்லாத பஃபலோ. ஓவர்டைம் வரை போய், 23-20 என்று தோற்றார்கள்.