பழைய எண், புதிய எண்

சென்னைவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பல வீடுகளுக்கு இரண்டு எண்கள். பழைய எண் 14, புதிய எண் 31 என்று கேட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள். இதில் கூத்து என்னவென்றால், அதே தெருவில் நாலு வீடு தள்ளி இன்னொருவருக்குப் புதிய எண் 14! கல்யாணப் பத்திரிகை, கேஸ் சிலிண்டர், கோர்ட் சம்மன் எல்லாம் மாறி மாறிப் போகும். இரண்டு கணக்கையும் மனசில் வைத்திருக்கும் ஒரே ஜீவன் தபால்காரர்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே மாதிரி ஒரு தெரு இருக்கிறது. அதில் ஒரே சாமானின் பழைய வெர்ஷனும் புதிய வெர்ஷனும் அடுத்தடுத்த கதவில் குடித்தனம் நடத்தலாம். இதைச் சொன்னால் பல பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். புதுசு வந்தால் பழசு போயாக வேண்டும் என்பது ஏனோ மனசில் பதிந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்கு அது சரி. டேட்டாபேஸுக்கு அப்படி இல்லை.

நான் பாங்க்கில் கம்ப்யூட்டர் பிரிவில் குப்பை கொட்டி ரிடயர் ஆனவன். எங்கள் காலத்து டிபேஸில் இந்தப் பிரச்னையே கிடையாது. டேட்டா என்பது ஒரு ஃபைல். ஃப்ளாப்பியில் காப்பி பண்ணி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். (வெயிலில் வளைந்துவிடும் என்பது வேறு விஷயம்.) இப்போதெல்லாம் டேட்டாபேஸ் என்பது எந்நேரமும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சர்வர். அது ஒரு கதவு எண் போட்டுக்கொண்டு, யாராவது வந்து தட்டுவார்களா என்று காத்திருக்கும். அந்த எண்ணுக்குத்தான் போர்ட் என்று பெயர்.

என் தங்கை வீட்டுக்காரர் எங்கள் ஊரில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறார். இரண்டு டெக்னீஷியன், கவுன்ட்டரில் ஒரு பெண், ஒரே ஒரு கம்ப்யூட்டர். ரிப்போர்ட் அடிக்கிற மென்பொருளை 2017-ல் உள்ளூர்ப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்தான். பையன் பிறகு வெளிநாடு போய்விட்டான். மென்பொருள் மட்டும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இருந்தது போஸ்ட்கிரஸ் 9.6.

போஸ்ட்கிரஸைப் பற்றி இரண்டு வார்த்தை. 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கி வைத்தது. அதற்கு முன்னால் அவர் செய்த டேட்டாபேஸின் பெயர் இங்கிரஸ். அதற்குப் பிறகு வந்ததால் இது போஸ்ட்-இங்கிரஸ். முழுக்க இலவசம். வருஷத்துக்கு ஒரு புது வெர்ஷன் வரும். ஒவ்வொன்றையும் ஐந்து வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் தண்ணி தெளித்துவிடுவார்கள். 9.6 பிறந்தது 2016-ல். கைகழுவப்பட்டது 2021 நவம்பரில்.

2024-ல் லேபுக்குப் புது மென்பொருள் வந்தது. வாட்ஸப்பில் ரிப்போர்ட் போகும், பில்லில் க்யூஆர் கோடு வரும் என்று ஏகப்பட்ட சௌகரியம். அது போஸ்ட்கிரஸ் 16-தான் வேண்டும் என்றது. போட்டுக் கொடுக்க வந்த இளைஞர் நல்ல பிள்ளைதான். ஆனால் வந்த வேகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையிடமிருந்து எனக்கு போன்.

"மச்சான், பழச அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ஃபோல்டரையும் அழிச்சிரலாம்கிறாரு. டிஸ்க்ல இடம் பத்தலயாம். கடைசி ஒரு வருஷத்த மட்டும் எக்ஸெல்ல எடுத்துத் தர்றாராம். சரின்னுடட்டுமா?"

"மாப்பிள்ளை, நான் வர்ற வரைக்கும் அவருக்குக் காப்பி வாங்கிக் குடுங்க. மவுஸை மட்டும் கையில குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஏன் அவ்வளவு பதட்டம்? அந்த லேபுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிடயர்ட் டீச்சரம்மா ஒருவர் வருவார். சிறுநீரகக் கோளாறு. அவருடைய டாக்டர் ஒவ்வொரு தடவையும் பழைய கிரியாட்டினின் கணக்கைக் கேட்பார். கிரியாட்டினின் 1.8 என்றால் அது 1.2-லிருந்து ஏறி வந்ததா, 2.3-லிருந்து இறங்கி வந்ததா என்பதில்தான் வைத்தியமே இருக்கிறது. ஒரு வருஷத்து எக்ஸெல்லில் அந்த ஏற்ற இறக்கம் தெரியுமா? டீச்சரம்மா பேப்பர் ரிப்போர்ட்டை எல்லாம் பத்திரமாக வைத்திருப்பவர்தான். ஆனால் ஒரு மழையில் பீரோவின் கீழ்த்தட்டு நனைந்து பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்த ஃபோல்டரில்தான். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர்.

இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "ஸார், ரெண்டு வெர்ஷன் ஒரே மெஷின்ல இருந்தா கான்ஃப்ளிக்ட் ஆகும்."

"எதுல கான்ஃப்ளிக்ட்?" என்றேன்.

யோசித்தார். அவருக்கு யாரோ சொன்னது, அவர் எனக்குச் சொன்னார்.

உண்மையில் சண்டை வரக்கூடிய இடங்கள் மூன்றுதான். புரோகிராம் இருக்கும் ஃபோல்டர், டேட்டா இருக்கும் ஃபோல்டர், கதவு எண். விண்டோஸில் போஸ்ட்கிரஸ் தன் வெர்ஷன் எண்ணிலேயே ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். 9.6 ஒரு பக்கம், 16 ஒரு பக்கம், அவரவர் அடுப்பு அவரவருக்கு. டேட்டா ஃபோல்டரில் ஒரு குட்டி ஃபைல் உண்டு. திறந்தால் '9.6' என்று மட்டும் எழுதியிருக்கும். 16 தப்பித்தவறி அங்கே எட்டிப் பார்த்தாலும், அந்தச் சீட்டைப் படித்துவிட்டு "இது நம்ம வீடு இல்ல" என்று வாசலோடு திரும்பிவிடும். அதே காரணத்தால், 9.6-ஐத் தூக்கிவிட்டு ஃபோல்டரை மட்டும் வைத்துக்கொண்டால் அதைப் படிக்க 16-ஆல் முடியாது.

கதவு எண் சமாசாரம் இன்னும் சுலபம். வழக்கமான எண் 5432. அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தால் புது இன்ஸ்டாலர் தானாகவே 5433 என்று காட்டும். ஓகே கொடுத்தால் முடிந்தது. மெமரி? ஒவ்வொன்றும் முன்பணமாகக் கேட்பது 128 எம்பி. அந்த மெஷினில் இருந்தது 8 ஜிபி. தட்ட ஆளில்லாத சர்வர் மூலையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் தாத்தா மாதிரி, பெரிதாக ஒன்றும் சாப்பிடாது. டிஸ்க்கை அடைத்திருந்தது மாப்பிள்ளை வைத்திருந்த கல்யாண வீடியோக்கள். அவற்றை வேறிடத்துக்கு மாற்றினோம். தங்கைதான் கொஞ்சம் முனகினாள்.

"பழைய மென்பொருளையே 16-ஓட பேச வெச்சா ஒரே சர்வர் போதுமே ஸார்?" என்றார் இளைஞர். நல்ல கேள்வி. ஆனால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை நடுவில் மாறிவிட்டது. பழைய முறைக்கு எம்டி5 என்று பெயர். 2017-ல் வந்த 10-ஆம் வெர்ஷனில் ஸ்க்ராம் என்ற கெட்டியான முறையைக் கொண்டுவந்தார்கள். 2021-ல் வந்த 14-லிருந்து அதுதான் வழக்கம். நம்ம பழைய மென்பொருளுக்கு அந்தப் பாஷை தெரியாது. அதற்காகப் புது வீட்டுப் பூட்டைக் கழற்றிப் பழைய பூட்டு மாட்டலாமா? கூடாது என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கவுன்ட்டர் பெண்ணுக்கு ஸ்கிரீனில் இரண்டு படம். ஒன்றுக்குக் கீழே 'பழசு', ஒன்றுக்குக் கீழே 'புதுசு'. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே பழகிக்கொண்டாள்.

ஒரு காரியம் மட்டும் நான் பிடிவாதமாகச் செய்தேன். பராமரிப்பு இல்லாத 9.6, அந்த மெஷினைத் தவிர வேறு எங்கிருந்து தட்டினாலும் கதவைத் திறக்காதபடி மாற்றி வைத்தேன். தாத்தாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தெருவாசல் காவலுக்கு உட்கார வைக்கலாமா? மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000-இல் ஒரே மெஷினில் பல குடித்தனம் நடத்த வசதி இருந்தது. யார் எந்தக் கதவில் என்று வழி சொல்ல 1434 என்ற எண்ணில் ஒரு வாட்ச்மேன். 2003 ஜனவரி 25-ஆம் தேதி 'ஸ்லாமர்' என்ற புழு அந்த வாட்ச்மேன் வழியாகவே உள்ளே நுழைந்தது. மொத்தமே 376 பைட். பத்தே நிமிஷத்தில், மாட்டக்கூடிய மெஷின்களில் பெரும்பாலானவற்றை உலகம் பூராவும் பிடித்துவிட்டது. அதை அடைக்கும் ஒட்டு ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வந்தாகிவிட்டது. ஒட்டத்தான் ஆளில்லை.

இத்தோடு சுபம் என்று நினைத்தால், நிஜமான ஆபத்து மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தினம் ராத்திரி டேட்டாவை பென் டிரைவில் காப்பி எடுக்க இளைஞர் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் காப்பி குடிக்கப் போனவன் பென் டிரைவைச் சொருகிப் பார்த்தேன். 23 ஃபைல். 23-ம் ஒரே சைஸ். ஒரு பைட் கூடவில்லை, குறையவில்லை. தினம் முப்பது நாற்பது பேர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற இடத்தில் இது எப்படி?

விஷயம் இதுதான். காப்பி எடுக்கும் கட்டளையில் கதவு எண் சொல்லவில்லை. எண் சொல்லாவிட்டால் அது நேரே 5432-க்குப் போகும். இரண்டு வீட்டிலும் டேட்டாபேஸின் பெயர் 'லேப்', பாஸ்வேர்டும் ஒன்றே. ஆகவே தினம் ராத்திரி, மாறாத பழைய கணக்கையே சிரத்தையாக நகல் எடுத்துக்கொண்டிருந்தது. புதுசுக்கு ஒரு நாள் காப்பிகூட இல்லை! அந்த மூன்று வாரத்தில் டிஸ்க் மண்டையைப் போட்டிருந்தால்?

போன் போட்டேன். பதறிப்போய் அன்று மாலையே வந்தார் இளைஞர். 5433 என்று சேர்த்தார். இப்போது பாஸ்வேர்டு முறை புரியவில்லை என்று ஒரு பிழை. காரணம், காப்பி எடுத்த கருவியும் பழைய 9.6-இன் கருவி. ஸ்க்ராம் பாஷை அதற்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் தன்னைவிடப் புதிய வெர்ஷனை நகலெடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கும், அது அவர்கள் வைத்திருக்கும் விதி. மாறாக 16-இன் கருவி, புதுசையும் எடுக்கும், பழசையும் எடுக்கும். கட்டளையில் அதன் முழு விலாசத்தை எழுதினோம். இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் காப்பி, ஃபைல் பெயரிலேயே கதவு எண். மறுநாள் காலையில் ஃபைல் சைஸ் ஏறியிருக்கிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார், ஏதோ குழந்தைக்கு எடை கூடிய மாதிரி.

டீச்சரம்மா போன மாதமும் வந்தார். கவுன்ட்டர் பெண் 'பழசை'த் தட்டினாள், 'புதுசை'த் தட்டினாள், இரண்டு தாளையும் பின் அடித்துக் கொடுத்தாள். 2018-லிருந்து எல்லாம் வரிசையாக இருந்தது.

இளைஞர் இப்போது எனக்கு அடிக்கடி போன் செய்கிறார். "ஸார், 2025 செப்டம்பர்ல 18 வந்துட்டுது. எங்க கம்பெனில அடுத்து அதுக்கு மாறணும்னு பேச்சு. லேப்ல என்ன பண்றது?" என்று கேட்டார்.

5434 காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.