பெற்றோல் மணம்

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, 2008இல் காணாமல்போன கணவரின் பழைய காரில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் குடும்பத்தைப் பார்க்கிறார். ஒருநாள் என்னை வெள்ளவத்தைக்கு ஏற்றிவரும்போது காருக்குள் பெற்றோல் மணத்தது. குழாயின் வெளியே பின்னிய உருக்குக் கம்பி பளபளத்தது. உள்ளே இறப்பர் வெடித்துக் கசிந்தது. சூடான எஞ்சினில் சொட்டினால் தீதான்.

"கராஜில் விட்டால் ஒருநாள் உழைப்புப் போய்விடும், மிஸ்."

பஞ்சிகாவத்தையில் புதுக்குழாய் வாங்கினார். எஞ்சின் ஆறியதும் பற்றரி வயரைக் கழற்றி, தேங்கிய பெற்றோலைப் போத்தலில் வடித்தார். வெட்டும் இடத்தில் ரேப்பை இறுக்கிச் சுற்றி, அதன் மேலேயே இரும்பறுக்கும் வாளை வைத்தார். சுற்றாவிட்டால் கம்பி பிரிந்து விரலைக் குத்துமாம். உள்ளிருந்த இறப்பர்த் தூளை ஊதியெடுத்துக் கிளிப் பூட்டினார். பற்றரியைப் பூட்டி, எஞ்சினை இயக்கி, மூட்டுகளைக் கடதாசியால் ஒற்றிப் பார்த்தார். ஈரமில்லை.

1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தகப்பனிடம் பழகியதாம்.

இதே அக்காவுக்குத்தான் முன்பு நான் தையல் இயந்திரம் எழுதிக்கொடுத்தேன். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. சகோதரிகளே, எங்களைப் போன்றவர்கள் கேட்காவிட்டாலும், உங்கள் கைக்குத் தெரிந்ததை நீங்களே சொல்லுங்கள்.