ஒழுங்குபடுத்துபவரை ஒழுங்காக வைப்போம்

பிரெஞ்சில் கணினிக்கு ‘ஓர்தினாத்தேர்’ என்று பெயர். 1955இல் ஐபிஎம் நிறுவனம் கேட்டதற்கு ழாக் பெரே என்ற பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். அவரை ஒழுங்காக வைத்திருப்பது நம் வேலை.

மாதம் ஒரு ஞாயிறு இதற்கு ஒதுக்கியிருக்கிறேன். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே ஃபேனில் படிந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் துடைப்பேன். தூசி அடைத்தால் சூடேறும். சூடேறினால் வேகம் குறையும். பிறகு வேண்டாத கோப்புகளை அழித்து, அப்டேட் போடுவேன். எஸ்எஸ்டி உள்ளவர்கள் டிஃபிராக் செய்ய வேண்டாம். பலன் இல்லை, தேய்மானம்தான் மிச்சம்.

கடைசி வேலைதான் முக்கியம். தனி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டும் வைரஸ் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அலுவலகத்தில் நகல் வைக்காமல் மூலப் பத்திரத்தை வெளியே அனுப்ப மாட்டோம். வீட்டிலும் அதே விதிதான். கணினி கெட்டால் வேறு வாங்கலாம். மறைந்த என் மனைவி பேரனுக்குக் கதை சொன்ன ஒலிப்பதிவை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த ஞாயிறு நீங்களும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.