வைக்கோலும் ஈயமும்

பர்ஜாக், தெற்கு பிரான்ஸ்

அன்புள்ள கமலா,

ஓவியர் அன்செல்ம் கீஃபரின் லா ரிபோத்தை இன்று பார்த்துவிட்டேன். பழைய பட்டு ஆலை ஒன்று, அதைச் சுற்றிப் புதர் மண்டிய 40 ஹெக்டேர் மேட்டு நிலம். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியை விட்டு வந்தவர், சுரங்கம் தோண்டி, கண்ணாடி வீடுகள் கட்டி இந்த இடத்தையே படைப்பாக்கிவிட்டார். 2022இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகவேண்டும்.

சரக்குக் கன்டெய்னர்களை அச்சாக வைத்து வார்த்த கான்கிரீட் அறைகளை அடுக்கிய கோபுரங்கள், இதோ விழப்போகிறோம் என்பதுபோல் நிற்கின்றன. 1945 மார்ச்சில், போர் முடிய இரண்டே மாதம் இருக்கையில் பிறந்தவர் அவர். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்தான் விளையாட்டுச் சாமான். அது தெரிந்தபின் இந்தக் கோபுரங்களை வெறும் பிரமாண்டமாகப் பார்க்க முடியவில்லை.

வெள்ளைக் கவுன்கள் தனியே நிற்கின்றன, உள்ளே ஆளில்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுக்கு முள்கம்பிச் சுருள், இன்னொன்றுக்கு ஈயப் புத்தகங்கள். பழங்காலப் பெண்களாம். அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

கலப்பு ஊடகத்தில் பொருளை ஒட்டுவது பலருக்கு அலங்காரம். இவருக்கு அந்தப் பொருள்தான் சாட்சி. யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய பால் செலானின் கவிதையில், பொன்னிறக் கூந்தல்காரி மார்கரெட்டே, சாம்பல்நிறக் கூந்தல்காரி சூலமித் என இரண்டு பெண்கள். 1981இல் 'மார்கரெட்டே' வரைந்தபோது கூந்தலுக்கு மஞ்சள் பூசவில்லை, வைக்கோலையே ஒட்டினார். வைக்கோல் தாள்கள் நெட்டுக்குத்தாய் எழுகின்றன, நுனியில் சிறு சுடர். பற்றினால் வைக்கோல் சாம்பல்தானே! ஒருத்தியின் கூந்தலிலேயே மற்றவளும் இருக்கிறாள். தகப்பன் தலைமுறை வாய்திறக்காததை இதைவிட நேராக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

ஈயமும் அப்படித்தான். கொலோன் பேராலயத்தின் கூரையை மாற்றியபோது கழித்த பழைய ஈயத்தை வாங்கி வைத்துக்கொண்டார். போரைப் பார்த்த உலோகம் அது.

வைக்கோல் உதிராதா என்று நீ கேட்பாய். உதிரும், அதை அவர் குறையாக நினைப்பதில்லை. கேன்வாஸை வெயிலிலும் மழையிலும் போட்டுவைப்பவர் அவர். விம் வெண்டர்ஸ் 2023இல் எடுத்த 'அன்செல்ம்' படத்தைத் தேடிப் பார். ஒட்டிய வைக்கோலுக்குக் கீஃபர் தீ வைப்பார், உதவியாளர் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பார். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
மீனா