ஏழைக்கும் எட்டும் ஒரு கலை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கணினியில் புகைப்படம் திருத்தக் கற்க ஆசைப்படும் நம் மாணவர் பலர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். "நல்ல கணினி இல்லை, போட்டோஷாப் வாங்கப் பணமில்லை, பயிற்சி நிலையத்தில் சேர வசதியில்லை. பிறகு எப்படிக் கற்பது?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் கூடம் உண்மையிலேயே கோணல்தானா என்று ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லதன்றோ?

நான் விசாரித்த ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாத வகுப்புக்கு ரூ.18,000 கேட்டார்கள். என் அம்மா விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருபவர். அவருடைய நாற்பது நாள் கூலி அது. போட்டோஷாப்பையோ ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. 2013 முதல் அதன் புதிய பதிப்புகளைச் சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும். திருட்டு நகல் பென்டிரைவில் சுற்றி வருவது உண்மைதான். அதனுடன் வைரஸும் சேர்ந்து வரும். நாளை அந்தத் தொழிலை நம்பிக் கடை வைப்பவன் அதை நம்பி நிற்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். போட்டோஷாப் பிறந்தது ஒரு மாணவரின் கையில். 1987 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், தம் கணினித் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக எழுதிய சிறு நிரலே அதன் விதை. 1990 இல் அது விற்பனைக்கு வந்தது. 1995 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் இன்னொன்றை எழுதத் தொடங்கினர். அதுவே 'கிம்ப்'. 1996 இல் அதை உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தனர். யாரும் பயன்படுத்தலாம், யாருக்கும் நகல் கொடுக்கலாம் என்பதே அதன் உரிமம். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. மலையடிவாரத்தில் இணையம் மந்தமாக இருந்தால் என்ன? ஒருவர் இறக்கிக்கொண்டால் வகுப்பு முழுவதும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். இது திருட்டன்று, உரிமை.

எனக்கு இக்கலை தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பத்தாவுக்கு இருக்கும் ஒரே படம், தோட்டத்து ஸ்டோர் முன்னால் தொழிலாளர் அனைவரையும் நிற்க வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மூன்றாம் வரிசையில் நிற்கிறார். மலை ஈரத்தில் படம் பூஞ்சை பிடித்து, வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. அவருடைய முகம் மொத்தம் 8 மில்லிமீட்டர், அதாவது நம் ஊர்க் கமிஷன் கடையில் முதல் தரமாக எடுத்து வைக்கும் ஓர் ஏலக்காயின் பருமன். திதிக்கு வைத்துக் கும்பிட ஒரு தனிப் படம் வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

பழைய படத்தை ஒரே தட்டலில் புதிதாக்கும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. நண்பர் ஒருவர் தம் செல்போனில் செய்து காட்டினார். பளபளவென்று ஒரு முகம் வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது யாருடா? எங்க ஆத்தா இல்லையே" என்றார். உண்மைதான். தண்டட்டி இழுத்துத் தொங்கிய காது குறுகிப் போயிருந்தது. இரு மூக்குத்தியில் ஒன்றைக் காணோம். கன்னத்தில் ஒரு சினிமா நடிகையின் வழவழப்பு. அந்தச் செயலி அப்பத்தாவைத் திருத்தவில்லை. வேறு யாரையோ வரைந்திருந்தது. தட்டினால் வேலை முடியும் காலத்தில் கைவேலையைக் கற்பது ஏன் என்ற கேள்விக்கு அன்றே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

கற்ற வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பாய் ஐ.ஐ.டி. 'ஸ்போக்கன் டுடோரியல்' என்ற பெயரில் இலவசக் காணொலிப் பாடங்களை நடத்துகிறது. கிம்ப்புக்கும் பாடங்கள் உண்டு. ஜெர்மனியின் பிரெமன் நகரத்து ரால்ஃப் ஸ்டைனோர்ட் என்பவர் செய்த பாடங்களைத் தழுவியவை அவை. தமிழ்க் குரலிலும் கேட்கலாம். பாடங்கள் பழைய பதிப்பைக் காட்டுகின்றன. பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், அடிப்படை மாறவில்லை. வாரத்தில் மூன்று மாலை, நான்கு மாதம், நம் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் கணினி இல்லையே என்பவர்கள் அக்காள், அண்ணன்மாரின் பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். 2011 இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை சில வீடுகளில் இன்னும் தூங்கிக் கொண்டிருக்கக்கூடும். ஓடும் நிலையில் இருந்தால் கிம்ப்பின் பழைய பதிப்புக்கு அதுவே போதும்.

கணினியே கிட்டாதவர்க்கும் வழி உண்டு. செல்போனில் 'ஸ்னாப்சீட்' இலவசம். நெட் சென்டரில் எதையும் நிறுவ அனுமதியில்லை என்றால் 'போட்டோபீ' இருக்கிறது. பிரௌசருக்குள்ளேயே ஓடும், போட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும்.

இனி இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படம் கணினிக்குள் போனதும் வெறும் எண்களாகிவிடுகிறது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. மொத்தம் 256 படிகள். எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணிக் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். போடியில் வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி வகுப்பு எதற்கு? ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மில்லி, 7 மில்லி என்று குவியல் குவியலாகப் பிரிப்பதில்லையா? அதே வேலைதான். மங்கிய படத்தில் குவியல் எல்லாம் நடுவில் கிடக்கும். 'லெவல்ஸ்' கொண்டு அதை இரு ஓரத்துக்கும் விரித்தால் படத்துக்கு உயிர் வருகிறது.

நிறம் பார்க்கும் கண்ணும் நமக்கு வீட்டுச் சொத்து. குடோனில் காய் பொறுக்கும் நம் தாய்மார், ஒரே கூடைக்குள் பச்சையின் எத்தனை சாயல்களைப் பிரிக்கிறார்கள்! பச்சை மங்கினால் விலை இறங்கும் என்பதால் வந்த பயிற்சி அது. அந்தக் கண்ணை எந்தப் பயிற்சி நிலையம் விற்கிறது?

மூன்றாவது குரு நம் ஊரிலேயே கிடைத்தார். பிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர், கூட்டமில்லாத மதிய வேளைகளில் என்னை அருகில் உட்கார வைத்துக்கொண்டார். நெகட்டிவின் மேல் பென்சிலால் ரீடச் செய்தவர் அவர். இருட்டறையில் கையால் ஒளியை மறைத்து முகத்தை வெளிறச் செய்வதும், கூடுதல் ஒளி விட்டுக் கறுக்கச் செய்வதும் 'டாட்ஜ்', 'பர்ன்' என்ற அதே பெயர்களுடன் கணினிக்குள் வந்திருக்கின்றன என்று அவர் மூலமே அறிந்தேன். "தம்பி, அழிக்கிறது சுலபம். எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்றார். நான்கு மாதப் பாடத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியந்தான்.

படத்தை 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தேன். 8 மில்லிமீட்டர் முகத்துக்குச் சுமார் 380 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் முகம் ஒன்றேகால் அங்குலம் வரும். அதற்குமேல் இழுத்தால் கலங்கிவிடும். மூலப் படத்தைத் தொடாமல் மேலே ஒரு 'லேயர்' வைத்து, 'ஹீல்' கருவியால் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மூடினேன். இடது கன்னத்தில் பூஞ்சை தின்ற இடத்தில் மட்டும் எதையும் புதிதாக வரையாமல் மெல்லிய நிழலாக விட்டுவிட்டேன். படத்தில் பதியாத ஒன்றை நான் எங்கிருந்து கொண்டுவர? பென்டிரைவ், அச்சுக் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு ரூ.500ஐத் தாண்டவில்லை. படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அப்பா யார் என்று கேட்கவில்லை.

நண்பர்களே! தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்கள் அழிவதைக் கண்டு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் அவற்றைத் தேடிக் கணினிப்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் நம் குரங்கணிக்கும் முந்தலுக்கும் வந்து ஒவ்வொரு வீட்டுத் தகரப் பெட்டியையும் திறந்து பார்க்க முடியுமா? ஏலமலையில் உழைத்தவர்களில் பலருக்குப் படம் என்று இருப்பதே வரிசையில் நின்ற ஒரு படமும், அடையாள அட்டையும்தான். அந்த முகங்களை அந்த முகங்களாகவே காப்பாற்ற வேண்டியவர்கள், அவர்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நாம்தான்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் கணினி ஆய்வகத்தைத் திறந்து வைத்து, ஒரு ஸ்கேனரையும் தந்தால் போதும். தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லிக்கொடுப்போம். கட்டணம் வேண்டாம். வருகிறவர் வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டு வரட்டும், அதுவே பாடப் புத்தகம்.